வைக்கோலுக்குள் இருந்த மொறிஸ் மைனர்

சனிக்கிழமை காலையில் கிரீஸ் படிந்த சாரனோடு, மோட்டார் சைக்கிளில் இரும்புச் சாமான் கட்டிக்கொண்டு கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து போகும் சிலரைக் கண்டிருப்பீர்கள். அது நாங்கள்தான். "வாத்திமாருக்கு டியூஷன் குடுக்கிற வேல கூட இல்லாமப் போச்சா?" என்று ஒரு காக்கா வழிமறித்தே கேட்டுவிட்டார். நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை ஒருதரம் விளக்கமாக எழுதிவிட்டால் நல்லதென்று பட்டது. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வரலாறு படிப்பிக்கிற ஆட்களிடம் ஒரு பழைய கார் அகப்பட்டால் அது காரோடு நிற்காது.

கார் எங்களோடு படிப்பிக்கும் ஒரு நண்பருடையது. சொறிக்கல்முனையில் அவருடைய வீட்டு வளவில், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில், 1990ஆம் ஆண்டிலிருந்து வைக்கோலுக்குள் இருந்தது. அவருடைய அப்பா 1960களின் கடைசியில் பழைய விலைக்கு வாங்கிய மொறிஸ் மைனர். அப்பா மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டு இடத்தைத் துப்புரவாக்கு என்றார். இரும்புக்காரரும் வந்து, தராசில் ஏற்றினால் எவ்வளவு வரும் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார். அதற்குள் இன்னொருவர், கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுவதற்குக் கேட்டார். ஜப்பான் எஞ்சின், ஏசி, வெள்ளைப் பெயின்ட் எல்லாம் போடுவாராம்.

நண்பர் எங்களிடம் வந்து, "ஒரு வருசம் பாப்பம். நீங்களும் கை குடுத்தா வீட்டுலயே செய்யலாம். இல்லாட்டி இரும்புக்குப் போகட்டும்" என்றார். அந்த ஒரு வருடம் வருகிற தை மாதத்தோடு முடிகிறது.

இனி இந்தக் காரின் கதைக்கு வருவோம்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மைர்னாவில் பிறந்தவர். இன்று துருக்கியின் இஸ்மிர் என்று சொல்லப்படும் அதே பட்டினம். அப்போது உஸ்மானிய ஆட்சிக்குள் இருந்தது. 1922இல் கிரேக்க, துருக்கிய யுத்தத்தின் கடைசியில், கையில் எடுத்ததோடு அங்கிருந்து வெளியேற வேண்டி வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பதினைந்து வயதில் ஊரை விட்டு ஓடிய பையன் பிறகு இங்கிலாந்தில் பொறியியல் படித்து, இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் காரை வரையத் தொடங்கினார். அதற்கு 'மொஸ்கிட்டோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். நுளம்பு!

கம்பனியின் முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அந்தக் கார் கண்ணில் காட்டக் கூடாது. "அவித்த முட்டை மாதிரி இருக்கிறது" என்ற பொருள்பட ஏசியிருக்கிறார். இசிகோனிஸுக்கோ வேறு கவலை. உற்பத்தி தொடங்கப்போகிற நேரத்தில் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாட்டில் நடுவே அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளியில் கண்ணுக்குச் சரியாக இருந்தது. அப்படியே நான்கு அங்குலம் அகலமாக்கச் சொல்லிவிட்டார். முன் பம்பர்கள் ஏற்கெனவே செய்தாயிற்று. ஆகவே அவற்றை நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். மைனரின் பொனட் நடுவில் ஒரு தட்டையான பட்டை ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் அந்த நான்கு அங்குலம். நாங்கள் பொனட்டைத் தேய்த்துத் துரு எடுத்த அன்று அந்தப் பட்டையை ஆளாளுக்குத் தடவிப் பார்த்தோம்.

1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் வெளிவந்தது. முதலில் வந்தவற்றில் 918 சீசீ பழைய மாதிரி எஞ்சின். 1952இல் மொறிஸும் ஒஸ்டினும் ஒரே கம்பனியானதும் ஒஸ்டினின் 803 சீசீ எஞ்சின் இதற்குள் வந்தது. 1956இல் 948, 1962இல் 1098. ஒரே எஞ்சின் குடும்பம்தான், வளர்ந்துகொண்டே போனது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. ஒரு பிரித்தானியக் கார் வகை அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

எங்களிடம் இருப்பது 1955ஆம் ஆண்டு வண்டி. முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். 803 சீசீ எஞ்சின். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து குட்டிக் கைகாட்டி ஒன்று வெளியே நீளும். இடது பக்கத்தில் உள்ளது இப்போதும் நீளுகிறது, உள்ளே போகத்தான் மறுக்கிறது.

அதன் இலக்கத் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சோடி சோடியாகப் பிரித்து சீ.ஈ., சீ.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று அந்தக் காலத்தில் இலக்கம் கொடுத்தார்கள். எங்கள் காருடையது அப்படியான ஒன்று. ஓரிரண்டு வருடம் பிந்தியிருந்தால் அதில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்திருக்கும். 1957 தொடக்கத்திலிருந்து புதிய வாகனங்களுக்கு அந்த எழுத்தைப் போட்டபோது, தமிழரசுக் கட்சி அதற்குப் பதிலாகத் தமிழ் ஸ்ரீ எழுதச் சொல்லி இயக்கம் நடத்தியது. 1958 ஜனவரியில் பஸ்கள் அரசுடைமையாகி, சில மாதங்களில் சிங்கள ஸ்ரீ போட்ட பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டதும் அந்த எதிர்ப்பு மறுபடி கிளம்பியது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். அந்த ஏப்ரலில் பண்டா, செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். ஓர் எழுத்துக்காகத் தார் வாளியோடு ஆட்கள் றோட்டில் நின்ற நாடு இது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தகட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். அன்றைக்குப் பாடம் தானாக நடந்தது. கல்யாணக் கார் வேலைக்குக் கேட்டவர் முதலில் மாற்றுவதாகச் சொன்னதும் இந்தத் தகட்டைத்தான். 'ஃபேன்ஸியாக' ஒன்று அடிப்பாராம்.

இவ்வளவு பழைய கார்கள் இலங்கையில் ஏன் தப்பின? எங்கள் ஆட்களுக்குப் பழசின் மேல் பெரிய காதல் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு, கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோனது. 1970க்குப் பிறகு இன்னும் இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு ஜப்பான் கார்கள் வந்து இறங்கும்வரை, இருந்த காரை உருட்டுவதைத் தவிர வழியில்லை. உதிரிப்பாகம் வராது. வராத பாகத்தைச் செய்ய வேண்டும், அல்லது வேறு எதிலாவது இருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். ஒரு தலைமுறை மெக்கானிக்மார், லேத்காரர், டிங்கர்மார் அப்படித்தான் உருவானார்கள்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, அமெரிக்காவின் மொறிசன் நூட்சன் கம்பனி இங்கினியாகலையில் அணை கட்டியது. புல்டோசரும் டிரக்கும் டிராக்டரும் இந்த மாவட்டத்தில் குவிந்தன. இயந்திரங்களோடு இயந்திரம் தெரிந்த கைகளும் தேவைப்பட்டன. எங்களோடு வேலை செய்யும் லேத் காக்காவின் வாப்பா அப்படி டிராக்டர் பட்டறையில் எடுபிடியாகப் போய்த் தொழில் பழகியவர். காக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் பொறை அறுவை செய்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1990களில் பெற்றோல் தடைப்பட்டபோது, அங்கே ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில் ஆகும். இந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. எங்களுடைய 803இல் 7.2க்கு 1 தான். மட்டமான எரிபொருளையும் அது சமாளித்துக்கொள்ளும். அதற்குக் கொடுத்த விலையும் இருந்தது. எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக வழிந்து ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும், பெயாரிங் தேய்ந்துவிடும். இந்த எஞ்சின் அந்தச் சோதனையைக் காணவில்லை. வைக்கோலுக்குள் இருந்ததால் தப்பித்தது.

இன்னொரு செய்தி எங்களுக்கே புதிது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் ஒன்றை நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், காரை எறியாமல் காலமெல்லாம் திருத்தித் திருத்தி ஓட்டுவதுதான் மலிவு என்று வாதாடி 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கை வர்த்தகர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து மைனரின் தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் செய்விக்கத் தொடங்கினார். பெரிய ஃபக்டரி இல்லை, சிறிய பட்டறை முறை. இங்கே அடித்த தகடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள மைனர்களில் பொருந்தியது. உதிரிப்பாகம் வராத நாட்டில், வேறு வழியில்லாமல் பழகிய தொழில், பாகம் அனுப்பிய நாட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. இதை வாசித்த அன்று லேத் காக்காவிடம் சொன்னோம். "எவ்வளவு குடுத்தானாம் கூலி?" என்றுதான் கேட்டார்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் காரைக் கட்டையில் ஏற்றி, செஸியைக் கழற்றி எடுத்துத் துரு தேய்ப்போம் என்று திட்டம் போட்டோம். செஸி இருந்தால்தானே! மைனருக்குத் தனிச் செஸி கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டித் தகடு, எஞ்சினைத் தாங்கும் முன் கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று வெல்ட் பண்ணி, உடம்பேதான் சட்டமும். காட்போட் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் இருக்கும்வரை மேலே ஏறி நிற்கலாம். ஒரு பக்கத்தை வெட்டினால் சரிந்துவிடும்.

இந்த உவமை எங்களுக்கு நேரத்தோடு தோன்றவில்லை. அதுதான் பிழை. கதவுக்குக் கீழே வலது பக்கத் தகடு பப்படம் மாதிரி உதிர்ந்திருந்தது. கிரைன்டரை எடுத்து ஒரே மூச்சில் முழுவதையும் வெட்டி எறிந்தோம். அன்று பின்னேரம் கதவை மாட்டிப் பார்த்தால் பூட்டவில்லை. மேலே உரசியது, கீழே விரல் போகிற அளவுக்கு இடைவெளி. கார் நடுவில் தொய்ந்துவிட்டது. லேத் காக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை, கதவு வாசலுக்குக் குறுக்கே வைப்பதற்கு இரும்புக் குழாயோடு வந்தார். நடுவில் ஜெக் வைத்து மெல்ல மெல்லத் தூக்கி, கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்த்து, இடைவெளி சரியான இடத்தில் குழாயை வெல்ட் பண்ணினோம். அதற்குப் பிறகுதான் புதிய தகடு. முழு ஞாயிறும் போனது. வீட்டில் இந்த வேலை செய்ய நினைப்பவர்களுக்கு எங்கள் புத்திமதி இதுதான்: வெட்டுவதற்கு முன் கதவு வாசலைக் கட்டுங்கள். கதவைக் கழற்றி மூலையில் சாத்தாதீர்கள். அளவுகோல் அதுதான்.

துருவைப் பற்றிச் சொன்னால் முடியாது. உப்புக் காற்றும் சேறும் சேர்ந்த ஊர். மாரியில் கிட்டங்கியில் தண்ணி குறுக்கே பாயும். முன்னைய காலத்தில் அதற்குள்ளால்தான் இந்தக் கார் போய் வந்திருக்கிறது. பெட்டித் தகட்டுக்குள் இருந்து எடுத்த சேறு ஒரு பக்கட் நிறைய வந்தது. பழைய ஆட்கள் கழிவு ஒயிலை அடியில் பூசுவார்கள். பூசிய இடமெல்லாம் இரும்பு புதிதாக இருக்கிறது. பூசாத உட்பக்கம்தான் போயிருக்கிறது. புதிய தகட்டுக்குள் ஓட்டை போட்டு மெழுகும் ஒயிலும் கலந்து உள்ளே விட்டிருக்கிறோம்.

மைனருக்கு ஒரு பொல்லாத நோய் உண்டு. முன் சக்கரம் திரும்புவதற்கு மேலும் கீழும் திருகு வெட்டிய தாங்கி இருக்கும். ட்ரனியன் என்பார்கள். கீழே இருப்பதற்குக் கிரீஸ் அடிக்கத் தவறினால் திருகு தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் மடங்கிக் கார் றோட்டில் குந்திவிடும். உலகம் முழுவதும் மைனர்காரருக்குத் தெரிந்த கதை. எங்களுடையதில் இடது பக்கத்தில் திருகு என்று சொல்லுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கையால் ஆட்டினால் சக்கரமே ஆடியது.

எஞ்சின் இறுகிப்போய் இருந்தது. பிளக்குகளைக் கழற்றி, டீசலை நான்கு சிலிண்டருக்கும் விட்டு மூன்று கிழமை வைத்தோம். பிறகு முன் பம்பர் ஓட்டையால் கைப்பிடியைச் செருகித் திருப்பினால், முதலில் ஒன்றுமில்லை. பின்னர் ஒரு 'டக்'. நண்பர் அந்தச் சத்தத்துக்குக் கண் கலங்கினார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஹெட்டைக் கழற்றியதும் எங்களுக்குள் சண்டை தொடங்கியது. பிஸ்டன் தலையில் 020 என்று அடித்திருந்தது. ஒருதரம் ஏற்கெனவே சிலிண்டரை ஆயிரத்தில் 20 அங்குலம் பெரிதாக்கியிருக்கிறார்கள். இன்னும் 040 வரை கடையலாம். அதற்கு மேல் சிலீவ் அடிக்க வேண்டும். எங்களில் இருவர் ஜப்பான் எஞ்சினைப் போடுவோம் என்றார்கள். பாகம் கிடைக்கும், மலை ஏறும், தலையிடி இல்லை. நியாயமான பேச்சு, இலங்கையில் எத்தனையோ மைனர்கள் நிசான் எஞ்சினோடுதான் ஓடுகின்றன. அந்த நிசான் 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, ஒஸ்டின் ஏ40ஐப் பூட்டிப் பூட்டித்தான் தொழிலை விருத்தி செய்தது என்று எங்களில் மற்றவர் வரலாறு பேசினார். அது சண்டைக்கு உதவவில்லை.

முடிவு சொன்னது லேத் காக்கா. "ஜப்பான் எஞ்சின் போடுறதெண்டா யாரும் போடுவான். அதுக்கு நான் தேவல்ல. இது கடயிறதெண்டா இப்பவே கடயோணும். அடுத்த வருசம் என்ட கண் எப்பிடி இருக்குமோ தெரியா." ட்ரனியனுக்கும் அவரே புதிய திருகு வெட்டித் தருவதாகச் சொன்னார். பக்கத்தில் நின்று பழக ஒரு பையன் வேண்டும் என்றார். அவருடைய சொந்தப் பேரன்மார் இருவரும் கட்டாரில். எங்கள் பள்ளியில் சாதாரண தரம் எழுதிவிட்டு இருக்கிற ஒருவனை அனுப்பியிருக்கிறோம். முதல் இரண்டு கிழமை இரும்புத் தூள் கூட்டினான். இப்போது அளவுமானியைக் கையில் கொடுத்திருக்கிறார்.

சிலிண்டர் கடைந்தாயிற்று. 2002இல் ஈயப் பெற்றோல் நின்றுபோனதால், ஈயத்தை நம்பிச் செய்த எக்ஸோஸ்ட் வால்வு இருக்கைகள் இனி உட்தேய்ந்துகொண்டே போகும். அவற்றில் கடின உலோக வளையம் பதிக்க ஹெட் கொழும்புக்குப் போயிருக்கிறது. வயரிங்கில் எலி புகுந்த இடங்களை மாற்றியாயிற்று. ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தக் காரில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடம்போடு சேரும். இப்போதைய வழக்கத்துக்கு நேர் எதிர். பற்றரியை இணைத்து, சாவி திருப்பியபோது பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடித்தது. அது தன்பாட்டில் அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் கொட்டிலில் சும்மா நின்றுகொண்டிருந்தோம்.

சத்தம் கேட்டு நண்பரின் அம்மா குசினியிலிருந்து வந்தார். அந்தக் காலத்தில் சுற்றுவட்டத்தில் ராவில் ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த கார் இதுதானாம். இன்ன வீடு, இன்ன மதம் என்று பார்த்ததில்லை. யாராவது வந்து கதவைத் தட்டினால் அவர் எழும்பிப் போய்விடுவாராம். சவளக்கடையிலிருந்தும் சம்மாந்துறைப் பக்கமிருந்தும் பிள்ளைப்பேற்றுக்கு ஏற்றிப் போனதில், ஒன்று தாம்போதிக்கு இந்தப் பக்கமே பின் சீட்டில் பிறந்துவிட்டதாம். பெண் பிள்ளை. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. பெயரும் தகப்பன் பெயரும் அம்மாவுக்கு மறந்துவிட்டது. 1971 அல்லது 72, மாரி காலம், அது மட்டும் நினைவிருக்கிறது.

பின் சீட்டின் பழைய உறையை இன்னும் கழற்றவில்லை. உங்கள் உம்மாமாரிடம், மாமிமாரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை இப்போது எங்கோ இருக்கிற ஓர் உம்மாவாக, மூத்தம்மாவாக இருக்கலாம். தெரிந்தால் கீழே எழுதுங்கள், அல்லது பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து சொல்லுங்கள். அப்படியே, யாருடைய வீட்டுப் பரணிலாவது மைனரின் வலது பக்கக் கைகாட்டி கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.